வீட்டுக் கணினி விளையாட்டுகளும் அவற்றின் மறுவாழ்வும்

விளையாட்டை வீண்பொழுதுபோக்கெனத் தள்ளுவோர் பலர். ஆயினும் ஒரு சமூகம் எவ்வாறு சிந்தித்தது, எக்கருவிகளைக் கையாண்டது, தன் சிறாரை எத்திறன்களிற் பழக்கியது என்பவற்றை அதன் விளையாட்டுகள் போலத் தெளிவாகக் காட்டுவன சிலவே. ஆதலின் அரசுக்கும் தொழிலுக்கும் வரலாறு இருப்பதுபோல விளையாட்டுக்கும் வரலாறு உண்டு.

கரம்பொன், வேலணை, புங்குடுதீவு முதலிய தீவகத்து ஊர்களின் வெளிகளில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்த கிளித்தட்டுக்கு வேண்டியவை நிலமும், அதிற் கீறிய கோடுகளும், ஆடுவோருமே. நாயும் புலியும் ஆடுவதற்குத் தரையிற் கீறிய கட்டமும் சில கற்களும் போதும். இவற்றின் விதிகளை எவரும் ஏட்டில் எழுதிவைத்திலர். மூத்தோர் ஆடக் கண்டு இளையோர் ஆடினர். அவ்வாறே அவை நிலைபெற்றன. கோடு அழியினும் விளையாட்டு அழியாது. மீண்டும் கோடு கீறிக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய கணினி விளையாட்டின் நிலை வேறு. அது குறித்த ஓர் இயந்திரத்தின் உள்ளேயே உயிர் வாழ்வது. அவ்வியந்திரம் ஓய்ந்தால் விளையாட்டும் ஓய்கின்றது. தோன்றி ஐம்பதாண்டு நிறைவதற்குள்ளேயே அழிவின் விளிம்பை அடைந்த இக்கலை, எமுலேட்டர் எனப்படும் போலச்செய்யும் நிரல்களாலும், பழைய வடிவில் மீண்டும் ஆக்கப்படும் இயக்குகோல்களாலும் இன்று மறுவாழ்வு பெற்று வருகின்றது. அம்மறுவாழ்வு எத்தகையது, அதிலிருந்து ஏடு காத்த மரபினையுடைய யாழ்ப்பாணத்தார் அறியத்தக்கது யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

தோற்றம்

1958ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிக அறிஞர், பார்வையாளரை மகிழ்விக்கும் பொருட்டு, அலைகாட்டித் திரையில் இருவர் ஆடும் டென்னிஸ் விளையாட்டொன்றை அமைத்தார். 1962ஆம் ஆண்டில் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ரசலும் தோழரும் பி. டி. பி. 1 என்னும் கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ எனும் விண்வெளிப் போர் விளையாட்டை உருவாக்கினர். தொடக்கத்தில் அதனை ஆடுவோர் கணினியின் முகப்பிலிருந்த ஆளிகளையே தட்டி ஆடினர். பின்னர் அதற்கெனத் தனியான கைப்பெட்டிகள் செய்யப்பட்டன. விளையாட்டுத் தோன்றிய உடனேயே கைக்கு ஏற்ற கருவியின் தேவையும் தோன்றிவிட்டமை கருதத்தக்கது.

இவை யாவும் ஆய்வுகூடங்களுள் அடங்கியவை. இல்லங்களுக்குள் இவ்விளையாட்டு நுழைந்தது 1972ஆம் ஆண்டிலாகும். ரால்ஃப் பேயரின் அமைப்பை அடிப்படையாகக் கொண்ட ‘மக்னவொக்ஸ் ஒடிசி’ அவ்வாண்டு வெளிவந்து வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அட்டாரி நிறுவனம் ‘பொங்’ என்னும் விளையாட்டைப் பொது இடங்களில் நிறுத்திற்று. 1977ஆம் ஆண்டில் அட்டாரியின் 2600 எனப் பின்னாளிற் பெயர்பெற்ற பெட்டி வெளிவந்தது. விளையாட்டு தனிப் பேழையில் அடங்கிற்று. பேழையை மாற்றினால் விளையாட்டும் மாறிற்று.

வீட்டுக் கணினியின் பொற்காலம் 1980களின் முற்பகுதியே. பிரித்தானியாவில் ஏகோர்ன் நிறுவனம் பி. பி. சி. மைக்ரோவை 1981ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. சின்கிளேயர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரல் 23ஆம் நாள் வந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவிலிருந்து கொமடோர் 64 புறப்பட்டது. மிகுதியாக விற்பனையான மேசைக் கணினி வகை என்னும் புகழ் அதற்கே உரியதாயிற்று. இவை அலுவலகத்துக்கோ ஆய்வுகூடத்துக்கோ ஆக்கப்பட்டவையல்ல. பெற்றோர் பிள்ளைகளின் கல்விக்கென வாங்கினர். பிள்ளைகளோ பெரும்பாலும் விளையாடினர். விளையாடியோருட் சிலர் தாமே நிரல் எழுதக் கற்றனர். அடுத்த தலைமுறையின் கணினித் தொழில் பெரிதும் இவர்களாலேயே கட்டியெழுப்பப்பட்டது.

இயந்திரத்தின் எல்லையும் கலையின் வளர்ச்சியும்

இக்காலத்தார் வியக்கத்தக்கது அவ்வியந்திரங்களின் எளிமை. அட்டாரி 2600இன் நினைவகம் 128 பைட்டுகளே. ஓர் அஞ்சலட்டையில் எழுதும் செய்திக்கும் போதாத இடம் அது. முழுத் திரையின் படத்தை நினைவில் வைத்திருக்க அதற்கு இயலாது. ஆகவே தொலைக்காட்சிக் குழாயின் கதிர் ஒவ்வொரு வரியாகத் திரையில் இறங்கி வருகையில், அவ்வரியில் தோன்றவேண்டியதை அக்கணத்திலேயே நிரல் கொடுத்தாக வேண்டும். சிறிது பிந்தினும் படம் குலைந்துவிடும்.

ஸ்பெக்ட்ரத்தின் திரையில் எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் கொண்ட ஒவ்வொரு சிறுகட்டத்திலும் இரு நிறங்களே தோன்றக்கூடும். ஓர் உருவம் மற்றொன்றை நெருங்குகையில் ஒன்றின் நிறம் மற்றதன்மேல் ஏறும். இக்குறையை மறைப்பதற்கு ஓவியர் கையாண்ட உபாயங்களே அக்கணினியின் விளையாட்டுகளுக்குத் தனித்த முகத்தை அளித்தன. மத்தியூ சிமித் என்னும் இளைஞர் 1983ஆம் ஆண்டில் ஆக்கிய ‘மனிக் மைனர்’ இதற்குத் தக்க சான்று. கொமடோர் 64இன் ஒலிச் சில்லோ மூன்று குரல்களே உடையது. அம்மூன்று குரல்களைக்கொண்டு பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்குவதுபோல இசையமைப்போர் செய்துகாட்டினர்.

இவ்வரிசையில் தலைநிற்பது டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் பி. பி. சி. மைக்ரோவுக்கென ஆக்கி 1984இல் வெளியிட்ட ‘எலைட்’ ஆகும். விண்வெளியில் வணிகம் புரியும் இவ்விளையாட்டில் எட்டு நட்சத்திரத் தொகுதிகளும், ஒவ்வொன்றிலும் 256 உலகங்களும் உள்ளன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இவ்வுலகங்களின் பெயரையும் இயல்பையும் 32 கிலோபைட் நினைவகத்தில் எழுதிவைத்தல் இயலாது. எனவே அவர்கள் சில எண்களை விதையாக வைத்து, கணிதத்தால் அவ்வுலகங்களை வேண்டும்போது முளைக்கச் செய்தனர்.

குறையே அழகாக மாறியதற்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1978இல் யப்பானியரான தொமோஹிரோ நிஷிகாடோ பொது இடங்களில் நிறுத்தப்படும் பெட்டிக்காக ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1980இல் அட்டாரிப் பெட்டி வழியாக வீடுகளுக்கு வந்தது. அதன் மூலவடிவில் திரை ஒருமுறை மாறுவதற்குள் பகைப்படையில் ஓர் உருவத்தையே இயந்திரத்தால் நகர்த்த முடிந்தது. ஆகவே பகைவர் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து வந்தனர். ஆட்டத்தின் முடிவை நெருங்கும்போது எழும் அச்சம் இயந்திரத்தின் ஆற்றற் குறைவிற் பிறந்தது. ஆதலின் இவ்விளையாட்டுகளை இயந்திரத்திலிருந்து பிரித்து நோக்க முடியாது என்பது பெறப்படும்.

இயக்குகோல்

இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையே நின்றது ஜொய்ஸ்டிக் எனப்படும் இயக்குகோல். விமானத்தைச் செலுத்தும் கோலுக்கு வழங்கிய பெயரே இதற்கும் ஆயிற்று. அட்டாரி நிறுவனத்தின் இயக்குகோல் கரிய சதுரப் பெட்டியும், நடுவே ஒரு கோலும், மூலையிற் செந்நிறப் பொத்தான் ஒன்றும் உடையது. உள்ளே திசைக்கொன்றாக நான்கும் பொத்தானுக்கொன்றுமாக ஐந்து தொடுகைகள். வேறு நுட்பம் இல்லை. அதன் ஒன்பது ஊசிச் செருகியைக் கொமடோர் முதலிய பிற கணினிகளும் ஏற்றமையால், ஒரு வீட்டுக் கோல் மற்றொரு வீட்டுப் பெட்டிக்கும் பொருந்திற்று. ஸ்பெக்ட்ரத்துக்கோ தொடக்கத்தில் இயக்குகோல் செருகும் வாயிலே இல்லை. சிறுவர் கியூ, ஏ, ஓ, பி என்னும் எழுத்து விசைகளில் விரல் வைத்து ஆடினர். பின்னரே தனி இணைப்பிகள் விலைக்கு வந்தன.

இக்கோலின் வாழ்வு குறுகியது. 1984இல் வெளிவந்த ‘டேலி தொம்சன்ஸ் டெக்கத்லன்’ எனும் மெய்வல்லுநர் விளையாட்டில் ஓடுவதற்குக் கோலை இடமும் வலமுமாக விரைந்து ஆட்டவேண்டும். அதனால் முறிந்த கோல்கள் பல. ஆயினும் கோலின் எதிர்ப்பு, பொத்தானின் அழுத்தம், தொடுகை ஒலி ஆகியவற்றைக் கை அறிந்திருந்தது. எத்துணை முன்னே தள்ளினாற் பள்ளத்தைத் தாண்டலாம் என்பது மூளைக்கு முன்னர் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. இவ்வறிவு எந்த நாடாவிலும் பதியப்படவில்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய பாடசாலைக் கணினிக் கல்வித் திட்டத்தின் முதற்கட்டத்தில் 250 பாடசாலைகள் சேர்க்கப்பட்டன; அவற்றுக்கு வழங்கப்பட்டவை பி. பி. சி. மைக்ரோக் கணினிகளே. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் ஸ்பெக்ட்ரம் கணினியின் உரிமம் பெற்ற இந்திய வடிவமும் விற்பனைக்கு வந்தது. இலங்கையிலும் 1984ஆம் ஆண்டு கணினித்துறைக்கு அரசு வழிவகுத்த ஆண்டாகும். மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் பெயரிலான நவீன தொழில்நுட்ப நிலையம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே.

யாழ்ப்பாணத்தின் கதையோ வேறாயிற்று. பி. பி. சி. மைக்ரோ வெளிவந்த 1981ஆம் ஆண்டிலேயே, மே மாத இறுதி நாள் இரவிலே தொடங்கிய தீ, யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏட்டுச் சுவடிகளையும் உண்டது. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் பல்லாயிரவர் கடல் கடந்தனர். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்டன. துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளாற் கரம்பொன் உள்ளிட்ட ஊர்காவற்றுறைப் பகுதியின் வீடுகள் பெருமளவில் வெறுமையாயின.

இதன் விளைவை விளையாட்டு வரலாற்றின் வழி நோக்குதல் தகும். ஒரே குடும்பத்திற் பிறந்த ஒத்த வயதினருள் ஒருவர் இலண்டனிலோ தொரன்ரோவிலோ இயக்குகோல் பிடித்து வளர, மற்றவர் தைனமோ சுழற்றி வளர்ந்தனர். முன்னவருக்கு இன்று எமுலேட்டர் இளமையின் நினைவை மீட்டுக் கொடுக்கின்றது. பின்னவருக்கோ அது நினைவன்று. உலகின் ஏனைய பகுதிகள் படித்து முடித்த ஓர் அத்தியாயத்தை முதன்முதலாக வாசிக்கும் வாய்ப்பு. பழமையை மீட்டல் என்னும் ஒரே செயல் இருவருக்கும் இருவேறு பொருள் தருகின்றது. போரால் தடைப்பட்ட ஒரு தலைமுறையின் அறிவு வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

அழிவு

மேற்குறித்த நாடுகளிற்கூட இவ்விளையாட்டுகள் தாமாகப் பிழைத்தில. ஸ்பெக்ட்ரம் முதலிய கணினிகளின் விளையாட்டுகள் சாதாரண ஒலிநாடாவில் விற்கப்பட்டன. நாடாவை ஓடவிட்டால் கீச்சொலி எழும். சில நிமிடம் காத்திருந்தபின் விளையாட்டுத் தோன்றும். அந்நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் உதிர்கின்றது. வட்டுகளும் அவ்வாறே. இயந்திரங்களின் மின்தேக்கிகள் கசிகின்றன, சில்லுகள் செயலிழக்கின்றன, அவற்றை மீண்டும் செய்வார் இல்லை.

வணிகமும் இரக்கம் காட்டவில்லை. 1983ஆம் ஆண்டில் விற்பனையாகாத பேழைகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிக்கோவிலுள்ள அலமகோர்டோ என்னும் இடத்திற் குப்பைக் குழியிற் புதைத்தது. நெடுங்காலம் கட்டுக்கதை எனக் கருதப்பட்ட இச்செய்தி, 2014 ஏப்ரலில் அவ்விடம் அகழப்பட்டபோது உண்மையென நிறுவப்பட்டது. தொல்பொருளாளர் மண்ணைத் தோண்டுதற்கு ஆயிரம் ஆண்டு கடக்க வேண்டியதில்லை, முப்பதாண்டே போதியதாயிற்று.

இலத்திரனியற் பதிவின் நிலையாமைக்கு விளையாட்டல்லாத ஒரு சான்றும் உண்டு. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலப் பதிவேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி. பி. சி. நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்வைப் பதிந்து லேசர் வட்டுகளில் வெளியிட்டது. அதனை இயக்க ஏகோர்ன் கணினியும் தனிவகை வட்டியக்கியும் வேண்டியிருந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குள் அவை அருகிப்போயின. தொள்ளாயிரம் ஆண்டு மூத்த தோலேடு வாசிக்கத்தக்கதாய் இருக்க, பதினைந்து ஆண்டு வட்டு ஊமையாயிற்று. 2002ஆம் ஆண்டில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் எமுலேட்டர் முறையாலேயே அதனை மீண்டும் பேசச் செய்தனர்.

எமுலேட்டர்

ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரத்தைப் போல நடக்கலாம் என்னும் கருத்து 1936ஆம் ஆண்டில் அலன் டியூரிங் எழுதிய கட்டுரையிலேயே அடங்கியுள்ளது. தக்க விவரணத்தைக் கொடுத்தால் எக்கணிப்பு இயந்திரத்தின் செயலையும் செய்துகாட்ட வல்ல பொது இயந்திரமொன்றை அவர் கற்பித்தார். நடைமுறையில் இதனை வணிகத் தேவையே வளர்த்தது. ஐ. பி. எம். நிறுவனம் 1964இல் 360 வரிசைக் கணினிகளை அறிவித்தபோது, 1401 முதலிய பழைய கணினிகளுக்கு எழுதிய நிரல்களை வாடிக்கையாளர் கைவிட வேண்டாதபடி, அவற்றைப் போலச்செய்யும் அமைப்பையும் சேர்த்தளித்தது. எமுலேட்டர் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது அப்பணியாலேயே.

இதன் செயல்முறையைச் சுருங்கக் கூறலாம். ஸ்பெக்ட்ரத்தின் மூளை இசட் 80 என்னும் சில்லு. எமுலேட்டர் அச்சில்லு படிக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அக்கட்டளையின் பொருளை அறிந்து, தன்னுள் அமைத்த கற்பனைப் பதிவகங்களில் அதே மாற்றத்தைச் செய்கின்றது. கட்டளையின் பொருளை மட்டும் அறிந்தாற் போதாது. அது எடுத்த காலத்தையும் அறிதல் வேண்டும். அக்கணினியின் கடிகாரம் வினாடிக்கு 35 இலட்சம் முறை துடித்தது. திரையின் ஒரு படம் முடிவதற்கு 69,888 துடிப்புகள் சென்றன. கணக்கிற் பிழை நேரின் வண்ணக் கோடுகள் இடம்மாறும். இசை சுருதி தவறும். முன்னர்க் கூறிய ‘எலைட்’ தன் திரை வரையப்படும்போதே நடுவில் திரைவகையை மாற்றுவது. காலம் தவறிய எமுலேட்டரில் அதன் படம் சிதைந்து தோன்றும்.

இப்பணியைப் பெரிதும் மேற்கொண்டோர் நிறுவனங்கள் அல்லர். ஊதியம் கருதாத ஆர்வலரே. அட்டாரி 2600க்கு ‘ஸ்டெல்லா’, கொமடோருக்கு ‘வைஸ்’, ஸ்பெக்ட்ரத்துக்கு ‘பியூஸ்’ முதலிய எமுலேட்டர்கள் அவ்வாறு எழுந்தவை. பொது இடங்களில் நின்ற பெட்டிகளின் விளையாட்டுகளைக் காக்க இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் ‘மாமே’ எனும் திட்டத்தைத் தொடங்கினார். 2013ஆம் ஆண்டு முதல் இணைய ஆவணகம் பழைய நிரல்கள் பலவற்றை இணைய உலாவியினுள்ளேயே இயக்கத்தக்கதாக்கிற்று. நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் 2012இல் 14 கணினி விளையாட்டுகளைத் தன் தொகுப்பிற் சேர்த்தது. சிறுவர் பொழுதுபோக்கு கலைச்செல்வமாக ஏற்கப்பட்டமைக்கு இது அடையாளம்.

படியெடுத்தலும் நிகழ்த்துதலும்

அழியும் பொருளிலிருந்து அழியாப் பிரதி எடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. பனையோலை நிலையற்றது, படியெடுப்போர் இருந்தவரை நூல் இருந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, சிதைந்த ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார். கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள், அந்தாவோ தெ புரொயென்சா இயற்றி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதியின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருப்பதறிந்து, அதனை 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். எழுத்தின் வடிவமும் பக்கத்தின் அமைப்பும் மாறாது வந்தமையே அப்பதிப்பின் சிறப்பு.

விளையாட்டு நாடாக்களைப் படியெடுப்போரும் இந்நெறியையே பின்பற்றுகின்றனர். ஒரே விளையாட்டின் பல நாடாக்களை ஒப்பிட்டு, ஒன்றிற் சிதைந்த இடத்தை மற்றொன்றால் நிரப்பி, கீச்சொலியின் ஏற்ற இறக்கங்களையும் கோப்பில் அமைக்கின்றனர். ஆயினும் அகராதிக்கும் விளையாட்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. அகராதியின் பிரதி கையிற் கிடைத்தால் வாசிக்கக் கண் போதும். விளையாட்டின் பிரதியோ இயக்குவார் இன்றேல் வெறும் எண்வரிசை.

இங்கே நாட்டுக்கூத்தே பொருத்தமான உவமை ஆகும். கூத்தேடு ஒன்று பேணப்பட்டதால் மட்டும் கூத்துப் பேணப்பட்டதாகாது. தாளக்கட்டை அறிந்த அண்ணாவியார் வேண்டும். ஆட்டம் பயின்ற உடல் வேண்டும். எமுலேட்டர் அண்ணாவியாரின் இடத்தில் நிற்பது. இயக்குகோல் பயின்ற உடலின் இடத்தில் நிற்பது. தட்டையான தொடுதிரையில் விரலால் தடவி ‘மனிக் மைனர்’ ஆடுபவர் ஏட்டை வாசிப்பவரே அன்றிக் கூத்தாடுபவர் அல்லர். பழைய வடிவிலான கோல்கள் மீண்டும் ஆக்கப்படுவதன் நியாயம் இதுவே. கொமடோரின் சிறுவடிவம் இயக்குகோலுடன் 2018இலும், பழைய பேழைகளை ஏற்கும் அட்டாரிப் பெட்டி 2023இலும், இறப்பர் விசைகளுடன் கூடிய ஸ்பெக்ட்ரம் 2024இலும் மீண்டும் சந்தைக்கு வந்தன. வணிகத்தின் நோக்கம் பழைய நினைவை விற்பதே ஆயினும், அதனால் விளையும் நன்மை கையின் அறிவு முற்றும் அழியாமல் நிற்றலாகும்.

பேராதனையில் 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடிய கூத்துகளைச் சுருக்கி நவீன மேடைக்கு ஏற்றியபோது, மரபு எவ்வளவு மாறலாம் என்னும் வினா எழுந்தது. எமுலேட்டரிலும் அவ்வினா உண்டு. இன்றைய தட்டைத் திரையில், கதிர்க்குழாயின் வரிகளிற் கலந்து மென்மையுற்ற புள்ளிகள் கூரிய சதுரங்களாகத் தெரிகின்றன. கோலை அசைத்தற்கும் திரை அசைதற்கும் இடையே சிறு தாமதம் நேர்கின்றது. எல்லாவற்றினும் பெரிய மாற்றம், வேண்டிய இடத்தில் ஆட்டத்தை நிறுத்திச் சேமித்து, தோற்றாற் பின்னே திரும்பும் வசதி. மூன்று உயிர்களே கொண்டு முதலிலிருந்து தொடங்கவேண்டிய ஆட்டத்தில் ஒவ்வொரு தாண்டலுக்கும் அச்சம் இருந்தது. பொறுமை அதன் பயனாயிற்று. சேமித்துச் சேமித்து முடித்தவர் கதையின் முடிவைக் கண்டவர், விளையாட்டை அறிந்தவராகார். வரலாறு கற்க ஆடுவோர் இவ்வசதியை விலக்கி ஒருமுறையேனும் ஆடுதல் வேண்டும்.

உரிமை

பிரதி எடுத்தலுக்குச் சட்டம் ஓர் எல்லை இடுகின்றது. எமுலேட்டர் ஆக்குதல் வேறு. அதில் இயங்கும் விளையாட்டையும் இயந்திரத்தின் உள்நிரலையும் பகிர்தல் வேறு. முன்னதற்கு ஆதரவாக, சோனி நிறுவனத்துக்கும் கொனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். சின்கிளேயரின் கணினித் தொழிலை 1986இல் வாங்கிய அம்ஸ்ட்ராட் நிறுவனம், ஸ்பெக்ட்ரத்தின் உள்நிரலை எமுலேட்டர்களுடன் வழங்க 1999இல் இசைவளித்தமை நல்ல முன்மாதிரி.

இவ்விசைவு அருமையானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோனின் வாழ்நாளும் அதற்குப்பின் 70 ஆண்டும் உரிமை நீடிக்கும். காந்த நாடாவின் ஆயுளோ சில தசாப்தங்களே. உரிமை முடியும் நாளில் உரிமைக்குரிய பொருளே இராது. 2023இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஐக்கிய அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 100க்கு 87 இன்று விற்பனையில் இல்லை. நூலகங்கள் அவற்றை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து அணுகத் தரலாமா என்ற கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்ரோபரில் ஏற்கவில்லை. ஆக்கியோர் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் விற்கவும் விடாது, காக்கவும் விடாது கிடக்கும் உரிமையால் ஆக்கியோனுக்கும் பயனில்லை.

முடிபு

கணினி விளையாட்டின் இம்மறுவாழ்வு யாழ்ப்பாணத்தாருக்கு அயலார் கதையாகத் தோன்றலாம். ஆயின் இதே நோய் இல்லத்தினுள்ளும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டன. மலர்கள், நினைவு வெளியீடுகள், ஊர்ச் சங்க அறிக்கைகள் பல இன்றும் பழைய வட்டுகளிற் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் தோன்றும்; அவற்றைப் பக்கமாக்கிய நிரல்களும் புதிய கணினிகளில் இயங்குவதில்லை. போரிலே தப்பிய ஆவணம் கோப்பு வடிவத்தின் முதுமையால் அழிதல் கூடும். அதனைத் திறக்கவல்ல வழிகளுள் ஒன்று, சிறுவரின் விளையாட்டைக் காக்க எழுந்த எமுலேட்டரே.

நூலகம் எரிந்த மண்ணிலே 2005ஆம் ஆண்டு ‘நூலகம்’ எனும் எண்ணிம நூலகம் தொடங்கப்பட்டு ஈழத்து நூல்களைப் பாதுகாத்து வருகின்றது. தாளைக் காத்த அக்கவனம் வட்டுக்கும் நாடாவுக்கும் பரவுதல் வேண்டும். கல்லூரிகள் தம் பழைய கணினிகளைப் பழம்பொருளென ஒதுக்குமுன் அவற்றின் வட்டுகளைப் படியெடுக்கலாம். ஓர் இயந்திரத்தையேனும் இயங்குநிலையில் வைத்திருக்கலாம். எமுலேட்டர் எழுதுவதை மாணவர்க்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம். பழைய சில்லொன்றின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் போலச்செய்து பார்க்கும் மாணவன் கணினியின் அடிப்படையை வேறெவ்வழியினும் செம்மையாகக் கற்பான்.

கிளித்தட்டுக் கோடு அழிந்தால் மீண்டும் கீறலாம். அதற்கு ஆடத் தெரிந்த ஒருவர் எஞ்சியிருத்தல் வேண்டும். கணினியிற் பிறந்தவற்றுக்கும் அதுவே விதி. பிரதியை வைத்திருப்போர், அதனை இயக்க அறிந்தோர், அதன் கோலைப் பிடித்து ஆடியோர் ஆகிய மூவரும் ஒருங்கே வாழும் காலம் இது. அவர்களுள் ஒருவர் மறையினும் மற்றிருவர் உழைப்பு முழுமை பெறாது. இயன்றபோதே இப்பணியை மேற்கொள்ளுதல் இத்தலைமுறையின் கடனாகும்.